மூன்று கண்ணாடி, ஒரு நீல அங்கி

"இது கம்ப்யூட்டர்ல கலர் பூசினது, தம்பி. பார்த்தாலே தெரியுது."

அண்ணாச்சி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். படத்தில் புகாராவின் அமீர் ஆலிம் கான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கனத்த உடம்பு, கருகருவென்ற தாடி, வெள்ளைத் தலைப்பாகை, கையில் வாள். கீழே வரை இறங்கும் நீலப் பட்டு அங்கியில் பெரிய பெரிய பூக்கள். அந்த நீலம்தான் முதலில் கண்ணைப் பிடிக்கும். எடுத்த ஆண்டு 1911 என்று நான் சொன்னதும்தான் அண்ணாச்சிக்குச் சந்தேகம் தட்டியது.

அவர் சந்தேகப்படுவதற்கு உரிமை உள்ளவர். சிவகாசியில் முப்பது வருஷம் ஆப்செட் மிஷினில் நின்றவர். காலண்டர் முருகன் உதட்டில் சிவப்பு ஒரு நூல் விலகினாலும் மிஷினை நிறுத்தச் சொல்கிற கண். இப்போது மகள் வீட்டோடு எங்கள் தெருவில் இருக்கிறார். சாயங்காலம் நாலரைக்கு டீக்கடை பெஞ்சில் பார்க்கலாம். இணையத்தில் எனக்கு அகப்படும் நல்ல படங்களை முதலில் அவரிடம்தான் காட்டுவேன். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். அண்ணாச்சியிடம் நேரில் காட்டினால் கேள்வி வரும்.

"பூசவே இல்ல அண்ணாச்சி. அந்த நீலம் அன்னைக்கு அந்த ஆள் மேல கிடந்த நீலம்."

"அப்பக் கலர் ஃபிலிம் ஏது?"

"ஃபிலிமே இல்ல. கண்ணாடித் தகடு. அதுவும் கறுப்பு வெள்ளை."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இனி முழுக்கச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. அன்று நான் சொன்னதையும், அவர் குறுக்கே கேட்ட கேள்விகளால் எனக்கே தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படம் எடுத்தவர் பெயர் செர்கேய் புரோகூதின்-கோர்ஸ்கி. 1863இல் பிறந்த ரஷ்யர். வேதியியலில் கை தேர்ந்தவர். 1902இல் பெர்லினுக்குப் போய், அடால்ஃப் மீத்தெ என்ற பேராசிரியரிடம் வண்ணப்படம் எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1908இல் யாஸ்னயா பொல்யானாவில் டால்ஸ்டாயைப் படமெடுத்தார். பிரம்பு நாற்காலியில் வெண்தாடியோடு உட்கார்ந்திருக்கும் கிழவரை வண்ணத்தில் பார்க்க ரஷ்யாவே ஆசைப்பட்டது. அந்த ஒரு படத்தால் புரோகூதின்-கோர்ஸ்கியின் பேர் அரண்மனை வரை எட்டியது. 1909இல் ஜார் இரண்டாம் நிக்கலாஸ் குடும்பத்துக்கு முன்னால் திரை கட்டித் தன் படங்களைக் காட்டினார். பேரரசு முழுவதையும் வண்ணத்தில் பதிய வேண்டும் என்பது அவர் கனவு. ஜார் அதற்கு ஒரு ரயில் பெட்டியைக் கொடுத்தார். அதற்குள்ளேயே இருட்டறை. யாரும் நுழைய முடியாத இடத்துக்கும் போகலாம், அதிகாரிகள் உதவ வேண்டும் என்று எழுதிய தாள்களும் கிடைத்தன. 1915 வரை உரால் மலை, வோல்கா ஆறு, சாமர்கண்ட், காக்கசஸ் என்று அவர் போகாத மூலை குறைவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைத் தகட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது. அந்த வெளிச்சம் சிவப்பா நீலமா என்று அதைக் கேட்டால் பதில் சொல்லாது. ஆனால் தகட்டுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைக் குறுக்கே பிடித்தால் கதை மாறும். சிவப்பு வெளிச்சம் மட்டும் உள்ளே போகும், மற்றது வாசலிலேயே நின்றுவிடும். இப்போது தகட்டில் பதிவது, காட்சியில் சிவப்பு எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. அடுத்துப் பச்சைக் கண்ணாடி வைத்து ஒரு கணக்கு, பிறகு நீலக் கண்ணாடி வைத்து ஒரு கணக்கு. கைக்கு வருவது மூன்றுமே கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஆனால் மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. வண்ணம் இருப்பது அந்த வித்தியாசத்தில்.

அமீரின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோகூதின்-கோர்ஸ்கியின் தகடு ஒரு நீளப் பட்டை, கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் நீளம். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கட்டங்கள். மேலே நீலக் கண்ணாடி வழியாக எடுத்தது, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. இதை நேர்ப்படமாக மாற்றிய பிரதியை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். தலைப்பாகை மூன்றிலும் வெளுப்பு. தாடி மூன்றிலும் கறுப்பு. அங்கிதான் மாறுகிறது. மேல் கட்டத்தில் பளிச்சென்று இருக்கும் அதே துணி, அடிக் கட்டத்தில் இருண்டு கிடக்கிறது. நீலம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. நீலக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு அங்கி வெளிச்சமாகத் தெரிந்தது, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு இருட்டாகத் தெரிந்தது. இரண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை.

திரும்பச் சேர்ப்பது இதற்கு நேர் எதிர் வேலை. மூன்று படங்களுக்கும் பின்னால் விளக்கு ஏற்றி, சிவப்புக் கணக்கின் முன் சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கணக்கின் முன் பச்சை, நீலக் கணக்கின் முன் நீலம் வைத்து, மூன்றையும் திரையில் ஒரே இடத்தில் விழவைத்தால் அமீர் வண்ணத்தோடு எழுந்து உட்காருவார். ஜார் பார்த்தது இப்படித்தான். விளக்கை அணைத்தால் வண்ணம் போய்விடும், கையில் மிஞ்சுவது சாம்பல் நிறக் கண்ணாடி. இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது என்னவோ செய்யும். அத்தனை ஊர், அத்தனை முகம், எல்லாவற்றின் வண்ணமும் ஒரு விளக்கின் ஆயுளை நம்பி இருந்தது.

"சிவப்பும் பச்சையும் சேர்ந்தா எங்க மிஷின்ல சேறுதான் வரும். உங்காளு திரையில என்ன வந்தது?" என்றார் அண்ணாச்சி.

மஞ்சள் வந்தது. வெளிச்சம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கூடும், மை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் குறையும். மை என்பது வெள்ளைத் தாளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் பொருள். சிவப்பை விழுங்குவது சையான் மை, பச்சையை விழுங்குவது மெஜந்தா, நீலத்தை விழுங்குவது மஞ்சள். ஆகவே சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்த நெகட்டிவ்தான் சையான் பிளேட்டுக்கு ஆதாரம். இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணாச்சி தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். ஸ்கேனர் வருவதற்கு முன்னால், அறை அளவு பெரிய பிராசஸ் கேமராவில் ஓவியத்தை மாட்டிவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு நெகட்டிவ் எடுப்பார்களாம். அவர் அந்த அறைக்குள் போனதில்லை. அங்கிருந்து வந்த பிளேட்டைத்தான் முப்பது வருஷம் மாட்டியிருக்கிறார்.

"அப்ப இந்த ஆளு எங்க ஆளுதான்" என்றார்.

இந்த மூன்று கண்ணாடி முறையில் ஒரு பெரிய தடங்கல் இருந்தது, அதைத் தாண்டியதில்தான் வேதியியலின் பெருமை. பழைய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீலத்தையும் ஊதாவையும் உடனே பிடிக்கும், சிவப்பு வெளிச்சத்துக்கு அசையாது. உங்கள் வீட்டுச் சுவரில் கொள்ளுப்பாட்டியின் பழைய ஸ்டுடியோ படம் இருந்தால் நெற்றியைக் கவனியுங்கள். குங்குமம் கன்னங்கரேலென்று இருக்கும். சாந்துப் பொட்டு வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொள்வோம். சிவப்பைக் காணாத தகட்டுக்குக் குங்குமம் வெறும் இருட்டு. 1873இல் பெர்லினில் ஹெர்மான் வில்ஹெல்ம் ஃபோகல் என்பவர், தகட்டின் பூச்சில் சில சாயங்களைக் கலந்தால் அதுவரை தெரியாத நிறங்களும் அதற்குத் தெரிய ஆரம்பிக்கும் என்று கண்டுபிடித்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் மீத்தெ. சிவப்பு வரை நன்றாக உணரும் தகடு மீத்தெ காலத்தில் கைகூடியது. அதைக் கற்கத்தான் புரோகூதின்-கோர்ஸ்கி பெர்லின் போனார்.

இதற்கு முன்னாலேயே ஒருவர் செய்து காட்டியிருந்தார், அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. மூன்று கண்ணாடி யோசனை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுடையது. 1855இல் எழுதினார், 1861இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கட்டம் போட்ட ஒரு ரிப்பனை மூன்று விளக்குகளால் திரையில் வண்ணமாகக் காட்டினார். படம் எடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன். ஆனால் 1861இன் தகட்டுக்குத்தான் சிவப்பு தெரியாதே, பிறகு ரிப்பனின் சிவப்பு எப்படிப் பதிந்தது? சரியாக நூறு ஆண்டு கழித்து, 1961இல், கோடாக் ஆய்வுக்கூடத்தில் ரால்ஃப் எவன்ஸ் குழுவினர் விடையைக் கண்டார்கள். அந்த ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. சட்டனின் சிவப்பு வடிகட்டி அதை உள்ளே விட்டிருக்கிறது. தகடு பார்த்தது சிவப்பை அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறொன்றை. யோசனை முழுக்கச் சரி, சோதனை அதிர்ஷ்டத்தால் தேறியது.

இரண்டாவது டீ வந்தது. அப்போதுதான் சாக்வா படத்தை எடுத்துக் காட்டினேன். கருங்கடலோரம் பத்தூமிக்குப் பக்கத்தில், இன்றைய ஜார்ஜியாவில் இருக்கிறது சாக்வா. அங்கே ரஷ்யர்கள் தேயிலைத் தோட்டம் போட்டிருந்தார்கள். 1890களில் சீனாவிலிருந்து தேயிலை தெரிந்த மனிதர் ஒருவரையே கூட்டிவந்தார்கள். புரோகூதின்-கோர்ஸ்கியின் படத்தில் அவர் தோட்டத்து மேற்பார்வையாளராக நிற்கிறார். 1895இல் இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் என்று ஒரு குழு சுற்றிச் செடியும் விதையும் கொண்டுபோனதும் அந்தத் தோட்டங்களுக்காகத்தான். இன்னொரு படத்தில் கிரேக்கப் பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். சரிவில் வரிசை வரிசையாகச் செடி, தலையில் துணி, பறித்த இலைக்குக் கூடை. வால்பாறையிலோ ஹட்டனிலோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது. இந்த மாதிரி ஒரு படம் கறுப்பு வெள்ளையில் இருந்திருந்தால் ஏதோ ஒரு பழைய ஆவணம் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேன். பச்சை அப்படியே இருப்பதால் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது அண்ணாச்சியின் சொந்த ஊருக்கு வருகிறோம். ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்களை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது.

மூன்று கட்டங்களும் ஒரே நொடியில் எடுக்கப்பட்டவை அல்ல. நீலம் ஒரு தடவை, தகட்டை நகர்த்திப் பச்சை ஒரு தடவை, மறுபடி நகர்த்திச் சிவப்பு ஒரு தடவை. நடுவில் சில நொடிகள் ஓடிவிடும். கல் கோபுரம் அசையாது. அமீர் அசையாமல் உட்காரப் பழகியவர். ஆனால் ஆறு? மரக்கிளை? புகை? குழந்தை? அவை ஒவ்வொரு கட்டத்திலும் வேறு இடத்தில் இருக்கும். மூன்றையும் சேர்க்கும்போது அசைந்த இடத்தில் மட்டும் வண்ணங்கள் பிரிந்து நிற்கும். அவருடைய ஆற்றுப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையும் பாறையும் இயல்பாக இருக்க, தண்ணீரில் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமும் நூல் நூலாக மிதக்கும். எண்ணெய் சிந்தியதுபோல் இருக்கும். எதுவும் சிந்தவில்லை. நீலத்தில் அடித்த அலை பச்சைக்குள் போவதற்குள் நகர்ந்துவிட்டது.

"காலண்டர்ல இதே வந்தா பண்டலோட கழிச்சுருவோம்" என்றார் அண்ணாச்சி. "சாமிக்கு ரெண்டு மூக்கு வந்துரும்."

உண்மைதான். அச்சில் விலகல் தவறு. ஆனால் இந்தப் படங்களில் அந்த விலகலைத்தான் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். சுத்தமாகப் பொருந்திய இடத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது, அவ்வளவுதான். விலகிய இடத்தில் 1910இன் மூன்று நொடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. எந்த நிறம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஆள் எந்தப் பக்கம் திரும்பினான் என்றுகூடச் சொல்லிவிடலாம். இணையத்தில் இந்தத் தொகுப்பைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் ஓரத்தை வெட்டி, விலகலைத் திருத்தி, வழுவழுப்பாக்கித்தான் அனுப்புகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அழகாக்குவதாக நினைத்து நேரத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள்.

தகடுகள் எப்படிப் பிழைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரட்சிக்குப் பிறகு 1918இல் புரோகூதின்-கோர்ஸ்கி ரஷ்யாவை விட்டு வெளியேறினார். நார்வே, இங்கிலாந்து, கடைசியில் பிரான்ஸ். எடுத்த படங்களில் கிட்டத்தட்ட பாதியைக் கொண்டுவர முடியவில்லை. 1944இல் பாரிஸில் இறந்தார். புகாராவை 1920இல் செஞ்சேனை பிடித்தபோது தப்பியோடிய ஆலிம் கானும் அதே 1944இல்தான் காபூலில் இறந்தார். படமெடுத்தவரும் படத்தில் இருந்தவரும் ஊர் திரும்பாமலே ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள். 1948இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், குடும்பத்தாரிடமிருந்து 1,902 தகடுகளையும் ஆல்பங்களையும் வாங்கியது. ஐம்பது வருஷம் அவை அங்கே அமைதியாகக் கிடந்தன. 2001இல் ஒரு கண்காட்சிக்காக வால்டர் ஃபிராங்கவுசர் என்பவர் கணினியில் 122 படங்களைக் கையால் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் மூன்று கட்டங்களை நகர்த்திப் பொருத்தி, வண்ணத்தைச் சமன் செய்யும் பொறுமையான வேலை. 2004இல் பிளேஸ் அகுவேரா இ ஆர்க்காஸ் மொத்தத்தையும் தானாகப் பொருத்தும் நிரல் எழுதிக் கொடுத்தார். இன்று அத்தனையும் நூலகத்தின் தளத்தில் இருக்கிறது. மூன்று கட்டம் உள்ள மூலப் பிரதியையும் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம், காசில்லை.

கணினி எப்படிப் பொருத்துகிறது என்று அண்ணாச்சி கேட்டார். தொழில் கேள்வி. எளிய வழி ஒன்று உண்டு. பச்சைக் கட்டத்தை நீலத்தின்மேல் வைத்து, ஒரு புள்ளி இடம், ஒரு புள்ளி வலம், மேலே, கீழே என்று நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் இரண்டின் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பார்ப்பது. கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதுதான் பொருந்திய இடம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினிவழிப் படவியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தகடுகளைப் பொருத்துவதுதான் பயிற்சி. கோபுரம், ஆறு, மடாலயம் எல்லாம் சுலபமாகப் பொருந்திவிடும். அமீர் படத்தில் அந்த எளிய வழி தடுமாறும். காரணம் அந்த அங்கி. நீலத்தில் பளிச்சென்றும் சிவப்பில் இருண்டும் இருக்கிற துணி படத்தின் பெரும்பகுதியை அடைத்திருக்கிறது. சரியான இடத்தில் வைத்தாலும் வித்தியாசம் பெரிதாகத்தான் வரும், ஆகவே கணினி அது தவறான இடம் என்று நினைத்துத் தள்ளிப்போய்விடும். எந்த நீலம் நம்மை நிறுத்திப் பார்க்கவைத்ததோ அதே நீலம் கணக்கை ஏமாற்றுகிறது. தீர்வு, வெளிச்சத்தை விட்டுவிட்டு ஓரங்களை ஒப்பிடுவது. அங்கியின் விளிம்பு, பூவின் கோடு, வாளின் கோடு மூன்றிலும் ஒரே இடத்தில்தானே இருக்கும்.

அண்ணாச்சி சிரித்தார். "அதுக்குத்தான் நாங்க பிளேட் ஓரத்துல பிளஸ் குறி போடுறோம். படத்தை நம்ப மாட்டோம், குறியைத்தான் நம்புவோம்."

கையில் இருக்கும் போனும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றேன். போனின் சென்சாரும் கறுப்பு வெள்ளைதான். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு குழிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ண மூடி. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது, காப்புரிமை 1976இல் கிடைத்தது. நான்கு குழிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் பச்சையில்தான் கூர்மையாக உணர்கிறது, அதனால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒரே நொடியில் எல்லாம் பதிவதால் ஆற்றுத் தண்ணீரில் நிறம் பிரியாது. ஆனால் ஒரு குழிக்கு ஒரு நிறம்தான் தெரியும். மற்ற இரண்டையும் பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கணித்து நிரப்புகிறது. அதாவது உங்கள் போன் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வண்ணம் கணிப்பு. புரோகூதின்-கோர்ஸ்கியின் தகட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறமும் அளந்து எடுத்தது. அவர் நேரத்தைக் கூறு போட்டார், போன் இடத்தைக் கூறு போடுகிறது. 1911இன் படம் இன்றும் இப்படித் தெளிந்து நிற்பதில் எனக்கு வியப்பில்லை.

அண்ணாச்சியின் முதல் சந்தேகத்துக்கு இங்கேதான் முழுப் பதில். கணினியில் கலர் பூசும் வேலை இப்போது மலிந்துவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை உள்ளே போட்டால் நொடியில் வண்ணத்தோடு வெளியே வருகிறது. என் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் படத்தை நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். புடவை வெளிர் நீலமாக வந்தது. அது அரக்குக் கூறைப்புடவை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதன் துண்டு ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறது. நெற்றிப் பொட்டு கறுப்பாகவே நின்றது. அந்த ஒற்றைத் தகட்டில் வண்ணம் பற்றிய கணக்கே இல்லை, இருந்து தொலைந்தால் தேடலாம், இல்லாததை எங்கே போய்த் தேட? மென்பொருள் செய்தது ஊகம். பூசிய படம் அழகாக இருக்கலாம், ஆனால் பகிரும்போது பூசியது என்று ஒரு வார்த்தை எழுதுவது பார்ப்பவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. எழுதாமல் விட்டால், உண்மையில் அளந்து எடுத்த அமீரின் நீலத்தையும் ஆட்கள் நம்ப மறுப்பார்கள். அண்ணாச்சி மறுத்ததுபோல.

"வாயால சொன்னா போதாது. செஞ்சு காட்டு" என்றார்.

மறுநாள் ஸ்டேஷனரி கடையில் சிவப்பு, பச்சை, நீலத்தில் கண்ணாடித்தாள் வாங்கிக்கொண்டு போனேன். கடைக்காரரின் சர்க்கரை டின்னில் போனைச் சாய்த்து வைத்தோம். கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டினேன். எதிரே ஆவி பறக்கும் டீ கிளாஸ், பின்னால் அண்ணாச்சியின் கறுப்புக் குடை. பக்கவாட்டில் சாயங்கால வெயில் விழுந்தது. சிவப்புத் தாளை லென்ஸ்முன் பிடித்து ஒன்று, பச்சையைப் பிடித்து ஒன்று, நீலத்தைப் பிடித்து ஒன்று. வீட்டுக்கு வந்து கிம்ப் என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களாகச் சேர்த்தேன். கடைக் கண்ணாடித்தாள் சுத்தமான வடிகட்டி இல்லை, வண்ணம் கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. மேஜைமேல் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டின் சிவப்பு சிவப்பாகவே நின்றது. ஆவி மட்டும் மூன்றாகப் பிரிந்து, சிவப்பாக ஒரு சுருள், அதைத் தாண்டிப் பச்சையாக ஒரு சுருள், நீலமாக ஒன்றுமில்லை.

கிளாஸும் சரியில்லை. மஞ்சளடித்து, குடை தெரியும்படி பாதி கரைந்திருந்தது. அதன்மேல் நீல நிறத்தில் ஒரு கை, நகத்தோரம் மை ஏறிய பெரிய கை, புகைபோல நின்றது.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, மிஷினிலிருந்து வந்த முதல் தாளைப் பார்ப்பதுபோல் ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"நீலத்துல கை வச்சுட்டேன்" என்றார் கடைசியில். "சிவப்பு, பச்சை ரெண்டுலயும் கிளாஸ் இருக்கு, அதான் மஞ்சள் அடிக்குது. மூணாவது எடுக்கும்போது ஆறிப்போகுமேன்னு தூக்கிட்டேன்."

கடைப் பையனைக் கூப்பிட்டு ஆவி பறக்க இன்னொரு டீ சொன்னார். குடையை விரித்து அவரே பின்னால் நிறுத்தினார். இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ம், எடு. மூணும் முடியிற வரைக்கும் தொட மாட்டேன்."